மதகடியில் விட்ட மீன்கள்

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை என்று ஏரிக்கரையில் நின்று ஒரு கூட்டத்தையே நம்பவைத்தவன் நான். அந்தப் பேச்சைப் பேசிய வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சோறு தின்கிறது, பேரப்பிள்ளைகளோடு கதையடிக்கிறது. ஐப்பசி மழை விட்டு, தேங்கிய தண்ணீரில் முதல் வெயில் விழுகிற நாளில் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. அவர்களிடம் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைந்து வருகிற உருப்படிகளை அளவு பார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் ஒரு ட்ரே, இல்லாவிட்டால் இன்னொரு ட்ரே. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதெல்லாம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஜனங்கள் பேசக் கேட்டுக் கற்றதுதான். யாராவது நன்றாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் எனக்குப் பொறுக்காது. பட்டறையில் வீணாய்ப்போன இன்ஸ்பெக்‌ஷன் கார்டின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். பூந்தமல்லியில் ஒரு பூக்காரம்மா, மல்லிகை வாடியிருக்கிறது என்று முகம் சுளித்த ஆளிடம், "ஏன் நைனா, சாயங்காலத்துல நீ மட்டும் காலைல இருந்த மாதிரியா கீற?" என்று கேட்டது. அதற்கு ஒரு கார்டு. ஐயப்பன்தாங்கல் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, உள்ளயும் ஒரு ஊரு கீது" என்றார். அதற்கு ஒரு கார்டு. இப்படியே ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது.

ஊர் வார்த்தையைச் சேர்க்கச் சேர்க்க எனக்கும் பேச வந்தது. பட்டறையில் சம்பளப் பேச்சு, தகராறு, கல்யாணப் பேச்சு எதுவானாலும், "அவனக் கூப்புடு, பேசி முடிப்பான்" என்பார்கள். அதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பட்டறை ஆட்கள் பத்துப் பேர் தூண்டில் போடப் போவோம். கரையான்சாவடியைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ஏரி. பேர் வேண்டாம். வேலப்பன்சாவடியில் இருந்த என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஒரு பக்கம் கரையும் மதகும், எதிர்ப்பக்கம் கோரையும் வெங்காயத்தாமரையும்.

அந்த ஏரியின் மீன் குத்தகையை எடுத்திருந்தது ஒரு அக்கா. கரையான்சாவடி மெயின் ரோட்டில் காலையில் கூடை வைத்து மீன் விற்பார். புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு குத்தகையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவர். ஏரியைக் காவல் பார்த்தது அவருடைய கொழுந்தன். என் வயதுதான் இருக்கும். மதகுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டாய் போட்டுக்கொண்டு அங்கேயே கிடப்பார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதனாலேயே அவரை நான் பெரிதாகக் கவனித்ததில்லை. எழுதிவைக்க அவரிடம் என்ன கிடைக்கப்போகிறது என்று ஒரு எண்ணம்.

மழைக்கு அப்புறம் விரால் குஞ்சு பொரிக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் செக்கச்செவேலென்று நகரும். கிட்டே போனால் அத்தனையும் குஞ்சு. மூச்சு வாங்க மேலே வந்து வந்து போவதில், அந்த இடத்தில் மட்டும் தூறல் போடுகிற மாதிரி இருக்கும். அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். எது பக்கத்தில் வந்தாலும் பாய்ந்து அடிக்கும். அது பசி இல்லை, கோபம். தூண்டில்காரனுக்கு அதைவிட லேசான வேட்டை கிடையாது. தவளையைக் கோத்துக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே இழுத்தால் போதும், கைத்தண்டி மீன் வந்து கவ்வும்.

அக்கா அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். குஞ்சு சிவப்பு மாறி, கறுத்து, தனித்தனியாகப் பிரிகிற வரைக்கும் ஏரியில் வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. எங்களுக்கோ அந்த ஒன்றரை மாதம்தான் பெரிய மீன் மாட்டுகிற காலம். அக்காவிடம் பேச என்னைத்தான் அனுப்பினார்கள்.

"இன்னா நைனா, ஊர்வலமா வந்துகிறீங்க?" என்றார் அக்கா, கரையில் நின்ற எங்களைப் பார்த்து.

"ஒரு விண்ணப்பம்க்கா. தூண்டில மட்டும் வுடு. ஒரு மீனும் ஊட்டுக்குப் போவாது. புடிப்போம், அளப்போம், தண்ணியிலயே வுட்டுருவோம்."

"வுடறதுக்கு எதுக்குப் புடிக்கிற? கை அரிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். எங்கள் பட்டறையில் நாள் முழுக்க உருப்படியைக் கையில் எடுக்கிறோம், கேஜில் வைத்து அளவு பார்க்கிறோம், திரும்ப ட்ரேயில் வைக்கிறோம். அளந்ததால் எந்த உருப்படியாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டேன். விரால் தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கிற மீன், அதற்கு இதெல்லாம் ஒரு நடை வெளியே போய் வந்த மாதிரி என்றேன். நாலு சட்டம் நானே போட்டேன். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை அரத்தால் ராவிவிட வேண்டும். மீனை ஈரக் கையால்தான் தொட வேண்டும். தண்ணீர் வாளியில்தான் கொண்டுவர வேண்டும். எல்லோர் கண் முன்னாலும் அளந்து, எல்லோர் கண் முன்னாலும் விட வேண்டும். ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சொன்னேன்.

அக்கா யோசித்தார். "அடுத்த வருசத்து மீனு அந்தச் செவப்புலதான் கீது நைனா. அது பூட்ச்சின்னா நான் கூடையத் தூக்கிகினு எங்க போய்க் குந்துவேன்?"

"ஒரு குஞ்சு கொறைஞ்சா என்னக் கேளு."

அப்போதுதான் கொட்டாய்ப் பக்கமிருந்து கொழுந்தன் ஏதோ சொன்னார். தாயைத் தூக்கிக்கொண்டு போனால் அது வருகிற வரைக்கும் குஞ்சுகளுக்கு யார் காவல் என்பதுதான் அதன் சாரம். என்ன வார்த்தைகளில் சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொன்ன பதில் ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஏன் மாமே, உங்கம்மா ரேஷன் கடை கியூல நின்னுட்டு வந்தப்போ நீ இன்னா செத்தா பூட்ட? குத்துக்கல்லாட்டம் கீறியே."

கரையே சிரித்தது. அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய்விட்டார். அக்கா சம்மதித்தார். வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்தேன். என் டப்பாவில் அதுவரை ஊரார் வார்த்தைதான் இருந்தது. அன்றைக்கு முதன்முதலாக என் வார்த்தை ஒன்றை எழுதி வைத்தேன். அந்த ரேஷன் கடை வார்த்தை.

முதல் ஞாயிறு திருவிழா மாதிரி போனது. அளக்கிற இடம் மதகு. அங்கேதான் நிழல் இருந்தது, சமமான கல் இருந்தது. பட்டறையிலிருந்து இரண்டடி ஸ்டீல் ஸ்கேல் கொண்டுவந்திருந்தேன். கோரைப் பக்கத்தில் மீன் பிடிப்பது, வாளியில் போட்டுக் கரையைச் சுற்றிக்கொண்டு மதகுக்கு வருவது, கல்லில் படுக்கவைத்து அளப்பது, மதகுச் சுவரில் சாக்பீஸால் அளவையும் பேரையும் எழுதுவது, அப்படியே மதகடித் தண்ணீரில் விடுவது. விட்டதும் வாலை ஒரு அடி அடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும். "பாத்தியாக்கா, எப்படிப் போவுது பாரு" என்பேன். உருப்படி ட்ரேயில் வைத்தாயிற்று. என் கணக்குக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது ஞாயிறு என் தூண்டிலில்தான் அந்த வருஷத்துப் பெரிய மீன் மாட்டியது. கோரை ஓரத்தில் ஒரு குஞ்சுக் கூட்டம். அந்த ஜோடியில் ஒன்றைக் காலையிலேயே வேறொருவன் பிடித்து மதகுக்குக் கொண்டுபோயிருந்தான். மிச்சமிருந்தது இது. இழுத்துப் போட்டபோது தூண்டில் நரம்பு கோரையில் சிக்கிக்கொண்டது. என்னோடு வந்த, பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"நீ நரம்பப் பிரிச்சிகினு வா மாமே. நான் போயி உன் பேர எயுத வெக்கிறேன்."

அவன் போய்விட்டான். நான் முழங்கால் தண்ணீரில் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் பத்தடி தூரத்தில் அந்தச் சிவப்பு இருந்தது. முதலில் அது நகராமல் நின்றது. அப்புறம் ஒரு ஓரத்தில் தண்ணீர் குமிழியிட்டது. ஒரு ஜிலேபி மீன். அது வந்து போன இடத்தில் சிவப்பில் ஒரு ஓட்டை. ஓட்டை மூடிக்கொண்டது. இன்னொரு ஜிலேபி, அப்புறம் நாலைந்து. சுற்றிலும் தண்ணீர் 'டப் டப்' என்று வெடித்தது. விரட்டலாம் என்று ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். குஞ்சுகள் சிதறின. குஞ்சுகள் ஒன்றாக இருந்தபோது ஓரத்தில் இருந்து தின்ற ஜிலேபிகள், அவை சிதறியதும் எல்லாப் பக்கமும் புகுந்து தின்றன. எங்கிருந்தோ நீர்க்காகம் ஒன்று வந்து கோரைக் குச்சியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு உள்ளே இறங்கியது.

தாய் வரும் என்று நான் நிஜமாகவே காத்திருந்தேன். எதிர்க் கரையில், மதகிலிருந்து ஒரு சிரிப்பும் கைதட்டலும் கேட்டது. தாயை அங்கே விட்டுவிட்டார்கள். இங்கேயிருந்து அது ஏரியின் மறுகோடி. அந்தச் சிக்கை நான் முழுசாகப் பிரித்து முடிப்பதற்குள் என் எதிரே இருந்தது வெறும் தண்ணீர். முறம் அகலத்துக்கு இருந்த சிவப்பில் ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை.

மதகுக்குப் போனேன். சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே என் பேர்.

"இன்னா மச்சான், அறை வாங்கினவன் மாதிரி வர்ற? நீதான் இன்னிக்கு ராஜா" என்று போண்டாவைக் கையில் திணித்தார்கள். தின்றேன். சூடாக இருந்ததும், நன்றாக இருந்ததும்கூட நினைவிருக்கிறது. கொட்டாய் வாசலில் கொழுந்தன் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. ஆனால் நாலு சட்டத்தையும் விரல் மடக்கிச் சொன்னவன் நான். ஊரே சிரித்த பதிலைச் சொன்னவன் நான். அவர் சொன்னதுதான் சரி என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை, பட்டும் படாமலும், "மீனப் புடிச்ச எடத்துலயே வுட்டுட்டா இன்னா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அப்போ அளவ யாரு பாக்கறது? உன் வாய நம்பச் சொல்றியா மாமே?" என்றான் டர்னர். சிரிப்பு. நானும் சிரித்தேன். அதற்கு அப்புறம் இன்னும் மூன்று ஞாயிறு. தெரிந்தே போனேன். தெரிந்தே பிடித்தேன். ஒவ்வொன்றையும் ஈரக் கையால் தொட்டு, முறைப்படி அளந்து, எல்லோர் கண் முன்னாலும் மதகடியில் விட்டோம். சட்டம் ஒன்றையும் மீறவில்லை.

மார்கழியில் அக்கா வந்தார். ஓரத் தண்ணீரில் விரல் நீளத்துக்குக் கறுப்புக் குஞ்சுகள் ஓடவேண்டிய காலம். இரண்டு நாளாக ஏரியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. கூடையைக்கூட இறக்கி வைக்காமல் எங்கள் நடுவே வந்து நின்றார்.

"நைனா, குஞ்சு எங்க? ஒண்ணு கொறைஞ்சா என்னக் கேளுன்னியே, கேக்கறேன்."

கொழுந்தன் பின்னால் நின்றிருந்தார். பட்டறை ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பேசி முடிப்பவன் ஆயிற்றே.

"நாங்க புடிச்சது ஒவ்வொண்ணும் செவுத்துல எழுதி கீதுக்கா. ஒவ்வொண்ணும் தண்ணியில வுட்டது நீயே பாத்த" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நாங்க வாரத்துல ஒரு நாள் வர்றவங்க. விரால் குஞ்சுக்கு வெளிய நல்ல கிராக்கின்னு சொல்றாங்க. ஏரியிலயே கீறவங்கள வுட்டுட்டு எங்களக் கேட்டா எப்படி?"

யார் பேரையும் சொல்லவில்லை. அங்கே ஏரியிலேயே இருந்தது ஒரே ஒரு ஆள்.

அக்கா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "நான் இல்ல அண்ணி" என்றார் கொழுந்தன்.

"நீ இல்லன்னா அது எங்க பூட்ச்சி? றெக்க மொளச்சிப் பறந்துச்சா?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பேச வராது, எனக்கு வரும். பொங்கலுக்கு முன்னால் அவர் போய்விட்டார். ஐயப்பன்தாங்கல் பக்கம் வண்டி கழுவுகிற வேலை என்று கேள்விப்பட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சொந்தக்காரன்மேல் நம்பிக்கை போன அக்கா, கொட்டாய்ச் சாவியை என்னிடம் கொடுத்தார். "நீதான் நைனா நாயமா ஒரு சட்டம் போட்டு நடத்தின. வாரத்துல ரெண்டு தபா வந்து பாத்துக்க." நான் வாங்கிக்கொண்டேன். சைக்கிள் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வருஷம் முழுக்க இடுப்பில் வைத்திருந்தேன். உள்ளே கொழுந்தனுடைய பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறியும் இருக்கிறேன்.

அடுத்த மழை வந்தது. ஏரி முழுக்கத் தேடியும் ஒரே ஒரு சிவப்புதான் இருந்தது, அதே கோரை ஓரத்தில். அக்காவும் பார்த்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணு கீது" என்றார், யாரிடமும் இல்லாமல். அதற்குள் எங்கள் ஆட்கள் வாளியும் ஸ்கேலுமாகக் கரை ஏறி வந்துவிட்டார்கள். ராவின முள்ளைக் காட்டுகிறான் ஒருவன். சட்டப்படி வந்திருக்கிறார்கள். நான் போட்ட சட்டப்படி.

"யாரும் போடாதீங்க" என்றேன்.

"இன்னா மாமே, போன வருசம் கேஜு, ட்ரேன்னு அம்மாம் பேசின?"

"போன வருசம் நான் பாத்தேன். என் மீன அளக்கத் தூக்கிகினு போனீங்க இல்ல, அப்போ நான் கோரையாண்ட நின்னுகினு இருந்தேன். நீங்க அத்த மதகுல வுடறதுக்குள்ள இங்க குஞ்சு அத்தினியும் ஜிலேபி தின்னுட்ச்சி. என் கண்ணு முன்னால. அப்புறமும் வந்தேன். அப்புறமும் புடிச்சேன்." அக்கா பக்கம் திரும்பினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூடையைப் பார்த்துச் சொன்னேன். "உன் கொழுந்தன் எடுக்கலக்கா. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அக்கா கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

வளையத்திலிருந்து கழற்ற வரவில்லை. வளையத்தோடு கொடுத்தேன். அக்காவே கழற்றிக்கொண்டு சைக்கிள் சாவியை மட்டும் என் கையில் வைத்தார். "அவன் ஊடு உனக்குத் தெரியாது. வண்டி கழுவற எடத்தச் சொல்றேன். எனக்குச் சொன்ன மாதிரி அவன்கிட்டயும் சொல்லு. இதே வாயாலதான் சொல்லணும்."

அன்றைக்கு மத்தியானமே போனேன். ஒரு டூரிஸ்ட் வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பைப் சத்தத்துக்கு மேல் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பைப்பை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே சக்கரத்துக்கு அடித்தார். நான் முடித்ததும் கேட்டார்.

"இப்போ குஞ்சு கீதா?"

"ஒரு கூட்டம் கீது. கோரைப் பக்கம்."

"அங்க வெங்காயத்தாமரைய வாராம வுடச் சொல்லு அண்ணிகிட்ட. நெழலு வோணும் அதுக்கு."

"நீ வந்து பாரேன். அண்ணி ஒண்ணும் சொல்லாது."

அவர் பைப்பை இழுத்துக்கொண்டு வேனின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஈரமான தரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.

வெங்காயத்தாமரை விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். அப்படியே விட்டார். பழைய சட்டம் திரும்ப வந்தது: குஞ்சு கறுக்கிற வரைக்கும் தூண்டில் கிடையாது, பிடித்து விடுகிறேன் என்கிற பேச்சும் கிடையாது. மதகுச் சுவரில் எங்கள் அளவுகளை அழித்துவிட்டு அதைச் சுண்ணாம்பில் எழுதச் சொன்னார். எழுதியது நான் இல்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. அந்த ஒரு கூட்டம் பிழைத்தது என்று பிற்பாடு டர்னர் சொன்னான். கொழுந்தன் திரும்பி வரவில்லை. அக்கா இரண்டு தடவை ஆள் அனுப்பினாராம். நான் அதற்குப் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. கரையான்சாவடியில் அக்காவிடம் மீன் வாங்க நின்றால் மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுக்கிற மாதிரியே எனக்கும் வெட்டிக் கொடுப்பார். நைனா என்று மட்டும் கூப்பிடமாட்டார்.

வண்டி கழுவுகிற இடத்திலிருந்து வந்த அன்றைக்கு பிஸ்கட் டப்பாவைத் தரையில் கொட்டினேன். முதல் நாள் கரையில் கொழுந்தன் என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. பூக்காரம்மா இருந்தது. கண்டக்டர் இருந்தார். ஊரில் யார் யாரோ போகிறபோக்கில் சொன்னதெல்லாம் இருந்தது. தான் காவல் காத்த ஏரியைப் பற்றி ஒரு மனுஷன் சொன்ன ஒரே ஒரு வரி மட்டும் இல்லை. அந்த நாளைக்கு இருந்தது ஒரே கார்டுதான். ரேஷன் கடை கியூவில் நின்ற அவர் அம்மா, என் கையெழுத்தில், அடியில் அழகாக ஒரு கோடு இழுத்து.